பெரிய கச்சாக் கல்லை வீட்டிலேயே அறுத்து, இழைத்து, மெருகேற்றுதல்: முழுமையான வழிகாட்டி

காங்கேயம், கரூர் வட்டாரங்களில் கிடைக்கும் பளிங்குக் கல்லை, அதாவது நாம் படிகம் என்றும் ஸ்படிகம் என்றும் சொல்லும் குவார்ட்ஸைக் கட்டியாக வாங்கி வைத்துக்கொண்டு, அதை எங்கிருந்து தொடுவது என்று தெரியாமல் அலமாரியில் பூட்டி வைத்திருப்பவர்கள் பலர். நானும் அப்படித்தான் தொடங்கினேன். 1.4 கிலோ எடையும், சுமார் 12 சென்டிமீட்டர் நீளமும், 7 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட ஒரு கட்டி என் மேசையில் ஏறத்தாழ ஒரு வருடம் கிடந்தது. அதை அறுப்பதற்குப் பட்டறைக்குரிய பெரிய இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. டைல் ஒட்டுபவரும் கிரானைட் பதிப்பவரும் பயன்படுத்தும் கருவிகளே போதுமானவையாக இருந்தன. ஆனால் அந்தக் கருவிகள் இதற்கென்று செய்யப்பட்டவை அல்ல என்பதால், எதை எந்த வரிசையில் எவ்வளவு பொறுமையுடன் செய்ய வேண்டும் என்பதை அறிந்திருப்பது இன்றியமையாதது. அந்த வரிசையைத்தான் இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கெம்பு, நீலம், மரகதம் ஆகிய விலையுயர்ந்த கற்களை இந்த முறையில் தொடாதீர்கள். அவற்றில் ஒரு மில்லிமீட்டர் வீணானாலும் இழப்பு பெரிது. பட்டை தீட்டுவதற்குக் கோணத்தை அளந்து பிடிக்கும் இயந்திரமும் பழகிய கையும் வேண்டும். வீட்டில் செய்யக்கூடியவை மூன்று: கல்லைப் பலகைகளாக அறுப்பது, அந்தப் பலகைகளிலிருந்து கேபஷான் என்று வியாபாரிகள் சொல்லும் குவிந்த முகமுள்ள கற்களைச் செய்வது, மிஞ்சும் பெரிய பகுதியை அதன் இயல்பான வடிவத்திலேயே இழைத்து நிறுத்துவது. இம்மூன்றில் பெரிய கல்லுக்கு மிகவும் பொருந்துவது கடைசியாகச் சொன்னதே என்பது என் கருத்து.

எந்தக் கல்லை எடுக்கலாம்

கல்லின் கடினத்தை மோஸ் அளவுகோலில் 1 முதல் 10 வரை குறிப்பார்கள். பளிங்கு அதில் 7. சாளரக் கண்ணாடி சுமார் 5.5, கெம்பும் நீலமும் 9, வைரம் 10. நாம் இழைப்பதற்குப் பயன்படுத்தும் சிலிக்கன் கார்பைடு, அதாவது கடையில் கார்போரண்டம் என்று கேட்டு வாங்கும் தூள், 9க்கும் சற்று மேலே நிற்பதால் பளிங்கின் மீது நன்றாகவே வேலை செய்யும். பளிங்கு, அகேட், ஜாஸ்பர், ரோஸ் குவார்ட்ஸ் எல்லாம் ஒரே சிலிக்கா குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்றில் பழகிய கை மற்றொன்றிலும் உதவும்.

கடினத்தை விடவும் கவனிக்க வேண்டியது பிளவுத்தளம். சில கற்களின் அணு அமைப்பில் குறிப்பிட்ட திசைகளில் பிணைப்பு வலுவற்றதாக இருக்கும். அந்தத் திசையில் ஒரு தட்டு விழுந்தால் கல் அட்டையைப் போலச் சமமாகப் பிரிந்துவிடும். பளிங்கில் குறிப்பிடத்தக்க பிளவுத்தளம் கிடையாது. அது உடைந்தால் சிப்பியின் உட்புறம் போன்ற வளைந்த முகத்துடன் உடையும். சந்திரகாந்தக் கல்லோ ஃபெல்ட்ஸ்பார் வகையைச் சேர்ந்தது. ஏறத்தாழ செங்குத்தாகச் சந்திக்கும் இரண்டு பிளவுத்தளங்கள் அதற்கு உண்டு. டோபாஸ் எனப்படும் புஷ்பராகத்துக்கு ஒன்று உண்டு, அதுவும் மிகத் துல்லியமானது. முதல் கல்லாகப் பளிங்கையோ அகேட்டையோ எடுக்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான். உங்கள் தவறுகளை அவை பொறுத்துக்கொள்ளும். மாலகைட் போன்ற செம்பு கலந்த கற்களின் தூளும், பாதரசம் கலந்த சின்னபாரின் தூளும் நச்சுத்தன்மை உடையவை. அவற்றை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

தூசியும் மின்சாரமும்

இந்தப் பகுதியைத் தாண்டிச் சென்றுவிடாதீர்கள். பளிங்கு முழுக்க முழுக்கச் சிலிக்கா. அதை உலர்ந்த நிலையில் அறுத்தால் கிளம்பும் தூசியில், நுரையீரலின் ஆழம் வரை செல்லும் மிக நுண்ணிய துகள்கள் நம் கண்ணுக்கே தெரிவதில்லை. அவை அங்கே தங்கி உண்டாக்கும் சிலிக்கோசிஸ் நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இலேயே படிகச் சிலிக்காத் தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. குஜராத்தின் கம்பாத் நகரில், தலைமுறை தலைமுறையாக அகேட் மணிகளை இழைக்கும் தொழிலாளர் குடும்பங்களை இந்த நோய் எப்படித் தின்றிருக்கிறது என்பது தொழில்நோய் அறிந்தவர்களுக்குத் தெரியும். அவர்களில் பலர் வேலை செய்ததும் நம்மைப் போலவே வீட்டில்தான்.

ஆகவே முதல் விதி: தண்ணீர் இல்லாமல் கல்லில் கருவி படக் கூடாது. இரண்டாவது விதி: தண்ணீர் இருந்தாலும் முகக்கவசம் வேண்டும், துணியோ அறுவைச் சிகிச்சைக்குரிய முகமூடியோ போதாது, முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தும் என்95 வகையாவது அணிய வேண்டும். மூன்றாவதாக, பலர் மறந்துவிடும் ஒன்று: அறுக்கும்போது தெறிக்கும் சேறு உலர்ந்ததும் மீண்டும் தூசியாகிவிடும். வேலை முடிந்ததும் தரையையும் மேசையையும் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். துடைப்பம் போட்டுப் பெருக்காதீர்கள். வேலைக்கென்று ஓர் உடுப்பை ஒதுக்கி, அதைத் தனியாக அலசுங்கள். குழந்தைகள் நடமாடும் இடத்தில் இந்த வேலை வேண்டாம்.

தண்ணீரும் மின்கருவியும் ஒன்றாக இருக்கும் இடத்தில், இணைப்பு 30 மில்லிஆம்பியர் மின்கசிவுக்கே துண்டித்துவிடும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்புச் சுவிட்ச் வழியாக மட்டுமே வர வேண்டும். உங்கள் வீட்டு மெயின் போர்டில் அது இருக்கிறதா என்று மின்பணியாளரிடம் காட்டிக் கேளுங்கள். இருந்தால் அதன் சோதனைப் பொத்தானை அழுத்தி வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். கருவியின் ஒயர் பிளக்கை நோக்கிச் செல்லும் வழியில் ஓரிடத்தில் தாழ்ந்து தொங்கி மேலேறும்படி விட்டால், ஒயர் வழியே வழியும் நீர் அந்தத் தாழ்ந்த இடத்தில் சொட்டிவிடும், பிளக்கைச் சென்றடையாது. கண்ணாடி, காதடைப்பான், ரப்பர் செருப்பு ஆகியவை கட்டாயம். சுழலும் பிளேடின் அருகே கையுறை அணியாதீர்கள். அது சிக்கினால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும்.

தேவையான கருவிகள்

அறுப்பதற்கு நான் பரிந்துரைப்பது, தண்ணீர்த் தொட்டியுடன் மேசையாகவே வரும் டைல் கட்டர். 180 மில்லிமீட்டர் பிளேடு கொண்ட சாதாரண மாதிரி நிமிடத்துக்குச் சுமார் 2,950 முறை சுழலும். வெட்டும் ஆழம் ஏறத்தாழ 34 மில்லிமீட்டர். கையில் பிடிக்கும் நான்கு அங்குல ஆங்கிள் கிரைண்டரோ 11,000 சுற்றுகளைத் தொடுவது. அந்த வேகத்தில் கல் சூடேறி உள்ளேயே விரிசல் விடும். பிளேடு சிக்கினால் கருவி கையை விட்டுத் துள்ளும். அதன் மோட்டாரும் தண்ணீருக்கென்று காப்பிடப்பட்டதல்ல. கிரைண்டரில் தண்ணீர் ஊற்றி அறுப்பதைப் பலர் செய்து பார்த்திருக்கலாம். நான் அதை யாருக்கும் சொல்லமாட்டேன்.

பிளேடு ஓரம் இடைவெளியின்றித் தொடர்ச்சியாக இருக்கும் வைரப் பிளேடாக இருக்க வேண்டும். கான்கிரீட்டுக்குரிய, பல் பல்லாகப் பிளந்திருக்கும் பிளேடு கல்லின் ஓரத்தைச் சில்லுச் சில்லாகப் பெயர்த்துவிடும். இழைப்பதற்கு 80, 220, 400, 600, 1200 எண் கொண்ட கார்போரண்டம் தூள்கள் (எண் கூடக் கூடத் தூள் நுண்மையாகும்), 8 மில்லிமீட்டருக்குக் குறையாத தடிப்புள்ள கண்ணாடித் துண்டுகள், கிரானைட் பாலிஷ் போடுபவர்கள் பயன்படுத்தும் வைரப் பேடுகள், பெயின்ட் கடையில் கிடைக்கும் வாட்டர் பேப்பர் ஆகியவை தேவை. மெருகுக்குச் சீரியம் ஆக்சைடும் ஒரு துண்டுத் தோலும் போதும். இவற்றுடன் எம்-சீல், ஒரு நல்ல டார்ச், தேங்காய் எண்ணெய், பழைய அலுமினியக் கம்பி ஒரு துண்டு ஆகியவற்றையும் எடுத்து வையுங்கள். கடைசி மூன்றும் எதற்கென்று அடுத்து வரும்.

பார்ப்பதே பாதி வேலை

கல்லை அறுப்பதற்கு முன் அதைப் பார்ப்பதற்குச் செலவிடும் நேரமே, வெளியே வரும் பொருளின் தரத்தைத் தீர்மானிக்கிறது. முதலில் கல்லைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, கம்பித் தூரிகையால் மண்ணையும் செம்மண் படிவத்தையும் தேய்த்துக் கழுவுங்கள். நன்றாக நனைந்த கல்லை வெயிலில் வைத்து, அது உலர்வதைப் பக்கத்திலேயே இருந்து கவனியுங்கள். மேற்பரப்பு வெளுத்த பிறகும் சில கோடுகள் மட்டும் கறுத்து ஈரமாகவே நிற்கும். அவைதான் விரிசல்கள். அவை மறைவதற்குள் பென்சிலால் அவற்றின் மேலேயே கோடிட்டுவிடுங்கள். சிறு சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்ப்பதும் உதவும். முழுமையான கல் கணீரென்று ஒலிக்கும். உள்ளே பிளந்த கல் ஓட்டைச் சட்டி போல மந்தமாக ஒலிக்கும்.

அடுத்தது உள்ளே பார்ப்பது. பளிங்குக் கட்டியின் மேற்பரப்பு சொரசொரப்பாக இருப்பதால் அதில் விழும் ஒளி சிதறுகிறது. உள்ளே தெளிவாக இருந்தாலும் வெளியிலிருந்து பார்க்கும்போது உப்புக் கட்டி போலத் தெரிகிறது. அதன் மேல் தேங்காய் எண்ணெயைத் தடவினால், எண்ணெயின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.45 ஆகவும் பளிங்கினுடையது 1.54 ஆகவும் நெருங்கி இருப்பதால், அந்தச் சிதறல் வெகுவாகக் குறைந்துவிடும். இருட்டறையில், எண்ணெய் தடவிய கட்டியின் பின்னால் டார்ச்சைப் பிடித்து நான் முதன்முறை பார்த்தபோது, அதுவரை வெறும் வெள்ளைக் கட்டியாக இருந்தது சன்னல் திறந்தது போல ஆனது. ஒரு முனையிலிருந்து நடுப்பகுதி வரை மேகம் போன்ற புகை, அதற்கப்பால் கை அகலத்துக்குத் தூய தெளிவு, அந்தத் தெளிவின் எல்லையில் குறுக்காக ஒரு விரிசல். அதன் மேல் வானவில் நிறங்கள் மினுங்கின. அந்த நிறங்கள் அழகானவை என்றாலும், விரிசலின் இரு முகங்களுக்கிடையே மெல்லிய இடைவெளி இருப்பதைச் சொல்பவை. அந்த விரிசலே என் முதல் வெட்டுக்கோடாகவும் ஆனது.

விதி எளியது: விரிசலைக் குறுக்காக அறுக்காதீர்கள், அதை ஒட்டி அறுங்கள். எப்படியும் கல் அங்கே பிரியத்தான் போகிறது. நீங்களே அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் இழப்பு பிளேடின் தடிப்பளவோடு நின்றுவிடும். பார்த்து முடித்ததும் எண்ணெயைச் சோப்பு போட்டு முழுமையாக நீக்குங்கள். இல்லாவிட்டால் பின்னர் எதுவும் ஒட்டாது. ஓபல், டர்க்காய்ஸ் போன்ற உறிஞ்சும் கற்களுக்கு எண்ணெய் கூடாது, தண்ணீரே போதும்.

ஒளி விளையாட்டுள்ள கற்களில் திசைதான் எல்லாம். சந்திரகாந்தக் கல்லை நனைத்து, ஒரே ஒரு விளக்கின் கீழ் மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தால், ஒரு திசையில் மட்டும் நீலமோ வெள்ளையோ ஆன ஒளி மேற்பரப்பின் மேல் மிதக்கும். அந்த முகம் மேலே வரும்படி அடித்தளத்தை அறுக்க வேண்டும். சற்று சாய்ந்தாலும் ஒளி ஓரத்துக்குப் போய்விடும். புலிக்கண் கல்லில் இழைகள் அடித்தளத்துக்கு இணையாகக் கிடக்க வேண்டும்.

முடிவு செய்த கோடுகளைக் கல்லில் வரைய அலுமினியக் கம்பியைக் கூராக்கிக்கொள்ளுங்கள். பென்சில் கோடும் மார்க்கர் கோடும் தண்ணீரில் கரைந்தோ தேய்ந்தோ போய்விடும். அலுமினியம் பளிங்கை விட மிக மென்மையானது என்பதால் கல்லின் மேல் தானே தேய்ந்து வெள்ளிக்கோடு போலப் படிந்து நிற்கும்.

முதல் வெட்டு

7 சென்டிமீட்டர் உயரமுள்ள கட்டியை, 34 மில்லிமீட்டர் மட்டுமே வெட்டும் கருவியால் எப்படி அறுப்பது? இரு பக்கமிருந்தும் அறுக்க வேண்டும். இரண்டு வெட்டுகளும் ஒரே தளத்தில் சந்திக்க வேண்டும். கோணல்மாணலான கல்லை வெறுங்கையால் திருப்பி வைத்து இதைச் செய்ய முடியாது. இதற்கு நான் கண்ட எளிய வழி, கல்லோடு ஒரு மரப்பலகையை ஒட்டிவிடுவதுதான்.

கல்லின் உயரத்துக்குச் சமமான அகலமும், மேல் கீழ் ஓரங்கள் துல்லியமாக இணையாகவும் இருக்கும் மரப்பலகையைத் தச்சரிடம் அறுத்து வாங்குங்கள். கல்லில் எந்த முனையை இழக்கத் தயாரோ அந்த முனையில், பலகையை எம்-சீலால் ஒட்டி ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். கல்லின் அடிப்பகுதியும் பலகையின் கீழ் ஓரமும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். இப்போது பலகையின் தட்டையான முகம் டைல் கட்டரின் வழிகாட்டிச் சட்டத்தில் சாய்ந்து நகரும், அதன் கீழ் ஓரம் மேசையில் உறுதியாக அமரும், கல் ஆடாது. ஆடினால் அறுக்கவே கூடாது. பிளேடு வெட்டுக்குள் இருக்கும்போது கல் ஒரு இம்மி திரும்பினாலும் பிளேடு நெரிபட்டு வளையும், அல்லது கல் எகிறும். இன்னும் சிறு ஆட்டம் இருந்தால் கல்லுக்கடியில் எம்-சீலாலேயே ஒரு கால் செய்து விடுங்கள்.

முதல் பக்கத்தை அறுத்து முடித்ததும், முன் முனை பின்னால் வரும்படியும் மேல் ஓரம் கீழே வரும்படியும் பலகையைக் கவிழ்த்து, அதே முகத்தை மீண்டும் சட்டத்தில் சாய்த்து வையுங்கள். சட்டத்துக்கும் பிளேடுக்கும் உள்ள தூரம் மாறவில்லை. ஆகவே இரண்டாவது வெட்டு முதல் வெட்டுக்கு நேர் எதிரே தானாகவே வந்து நிற்கும். அளந்து கோடு போட்டு நான் முயன்றபோதெல்லாம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் படியாக விலகியது. பலகை முறையில் அது முடி அளவு கூட விலகவில்லை.

அறுக்கும்போது தள்ளாதீர்கள். வைரப் பிளேடு கத்தியைப் போல வெட்டுவதில்லை. அதில் பதிந்துள்ள வைரத் துகள்கள் கல்லை அரைத்தே வழி செய்கின்றன. அரைப்பதற்கு நேரம் கொடுக்க வேண்டும். மோட்டாரின் ஒலியைக் கேளுங்கள்: அது இறங்கினால் கையைத் தளர்த்துங்கள். ஆவியோ தீப்பொறியோ தெரிந்தால் தண்ணீர் பிளேடு முனையைச் சேரவில்லை என்று பொருள், உடனே நிறுத்துங்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மோட்டாரையும் கல்லையும் ஆறவிடுவது நல்லது. சூடான கல்லின் மேல் குளிர்ந்த நீரை ஊற்றுவது, விரிசலை நாமே அழைப்பதாகும். வெட்டும் வேகம் திடீரெனக் குறைந்தால், வைரத் துகள்களைச் சுற்றியுள்ள உலோகம் மழுங்கி மூடியிருக்கும். ஒரு செங்கல்லில் நான்கைந்து முறை அறுத்தால் உலோகம் தேய்ந்து புதிய வைரம் வெளியே வரும். தொட்டித் தண்ணீர் பால் போலக் கெட்டியானதும் மாற்றிவிடுங்கள்.

இரு வெட்டுகளுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் தடிப்பில் ஒரு பாலம் மிஞ்சும். மோட்டாரை நிறுத்தி, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, கல்லை மணல் மூட்டையின் மேல் வைத்து, வெட்டுக்குள் மூங்கில் ஆப்பைச் செருகி, ஒரே அடியாக அடிக்காமல் இரு முனைகளிலும் மாறி மாறி மெல்லத் தட்டுங்கள். பாலம் ‘டிக்’ என்ற சிறு ஒலியுடன் விட்டுவிடும். முகத்தின் நடுவே மிஞ்சும் மேட்டை 80 எண் தூள் பார்த்துக்கொள்ளும்.

அடுத்தடுத்த கல் பலகைகளுக்கு, சட்டத்தைப் பிளேடின் பக்கம் நகர்த்திக்கொண்டே வந்தால் போதும். 8 மில்லிமீட்டர் தடிப்புள்ள பலகை வேண்டுமானால், பிளேடு தின்னும் 2 மில்லிமீட்டரையும் சேர்த்து 10 மில்லிமீட்டர் நகர்த்துங்கள். என் கட்டியின் தெளிவான பக்கத்திலிருந்து மூன்று பலகைகளை எடுத்தேன். புகைபடிந்த பாதியை அப்படியே நிறுத்திவிட்டேன். டைல் கட்டரின் மேசையில் அடங்காத அளவுக்குப் பெரிய கல் என்றால், மரப்பெட்டிக்குள் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி அதில் கல்லைப் பாதி புதைத்து, தண்ணீர்க் குழாய் இணைப்புடன் வரும் கை மார்பிள் கட்டரால் மேலிருந்து அறுக்கலாம். ஆனால் அது இரண்டு மூன்று கற்களில் பழகிய பிறகு செய்ய வேண்டிய வேலை.

முன்வடிவம்

அறுத்தெடுத்த கல் பலகையில் அலுமினியக் கம்பியால் நீள்வட்டம் வரைந்துகொள்ளுங்கள். நேர்கோட்டில் மட்டுமே அறுக்கும் பிளேடால் வளைவை எடுக்க வேண்டுமானால், வெளியிலிருந்து கோடு வரை சீப்புப் பல் போலப் பக்கம் பக்கமாக வெட்டுகள் போட்டு, நடுவில் நிற்கும் மெல்லிய பற்களை இடுக்கியால் ஒடித்து எடுக்க வேண்டும். கோட்டுக்கு 2 மில்லிமீட்டர் வெளியிலேயே நின்றுவிடுங்கள். ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் அந்த அளவுக்கு உள்ளே போயிருக்கும்.

கம்பாத் கைவினைஞர்கள் இந்த வேலைக்குப் பிளேடையே பயன்படுத்துவதில்லை. தரையில் சாய்த்து ஊன்றிய கூர்மையான இரும்பு முளையின் மேல் கல்லின் ஓரத்தை வைத்து, எருமைக் கொம்பாலான தலை கொண்ட சுத்தியலால் தட்டுவார்கள். சில்லு முளையின் பக்கத்திலிருந்து பெயர்ந்து விழும். நம் நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் அகழ்ந்தெடுத்த பளிங்கு மணிகளில் பல, செதுக்கிய நிலையிலும் பாதி இழைத்த நிலையிலும் துளையிடாத நிலையிலும் கிடைத்திருக்கின்றன. அவற்றைப் பார்த்தால் நாம் இன்று செய்யும் படிகளின் வரிசையே அங்கும் இருந்தது என்பது புலப்படும்.

இழைத்தல்

தட்டையான முகங்களுக்குக் கண்ணாடியே சாணை. கண்ணாடியில் அரைத் தேக்கரண்டி 80 எண் தூளை இட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு, கல்லை எட்டு வடிவில் நகர்த்தித் தேயுங்கள். தொடக்கத்தில் மணல் நெரியும் ஒலி கரகரவென்று கேட்கும். தூள் உடைந்து மழுங்க மழுங்க அந்த ஒலி மெல்லிதாகி அடங்கும். அடங்கியதும் சேற்றைத் துடைத்துப் புதுத் தூள் போடுங்கள். தொடங்கும் முன்பே கல்லின் கூரிய விளிம்புகளைச் சுற்றிலும் சற்று மழுக்கிவிட வேண்டும். இல்லையென்றால் விளிம்பிலிருந்து பெயரும் சில்லு கண்ணாடிக்கும் கல்லுக்கும் இடையில் உருண்டு, ஆழமான கீறலைப் போட்டுவிடும்.

எப்போது அடுத்த எண்ணுக்குப் போகலாம்? முகம் முழுவதும் மார்க்கரால் கட்டம் கட்டமாகக் கிறுக்கிவிட்டுத் தேயுங்கள். மையின் சுவடு ஒரு மூலையில் மிஞ்சினாலும் அந்த இடம் இன்னும் பள்ளம்தான். மை முழுவதும் ஒரே நேரத்தில் மறையும் வரை 80-ஐ விடாதீர்கள். மொத்த நேரத்தில் பாதிக்கு மேல் இந்தப் படியிலேயே போகும்; போகட்டும். பின்னர் வரும் ஒவ்வொரு எண்ணின் வேலையும் முந்தைய எண் போட்ட கீறலை அழிப்பது மட்டுமே, வடிவத்தைத் திருத்துவது அன்று. 80 போட்ட பள்ளத்தை 600-ஆல் அழிக்க நினைத்தால் நாள் முழுக்கத் தேய்த்தாலும் நடக்காது.

எண் மாறும்போதெல்லாம் கல், கை, நகக்கண், மேசை எல்லாவற்றையும் கழுவுங்கள்; ஒவ்வோர் எண்ணுக்கும் தனிக் கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை 600 எண் முடியும் தறுவாயில், என் சட்டைக் கையில் ஒட்டியிருந்த ஒரே ஒரு 80 எண் மணி கண்ணாடியில் விழுந்து, முகத்தின் குறுக்கே வளைந்த ஒரு வெள்ளைக் கோட்டைப் போட்டுவிட்டது. அந்த ஒரு கோட்டுக்காக 220-க்குத் திரும்பிப் போக வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதிலேயே கழிந்தது. அன்றிலிருந்து கையில்லாத பனியனோடு மட்டுமே இந்த வேலையில் உட்காருகிறேன்.

இயல்பான வடிவில் நிறுத்தும் பெரிய கல்லின் வளைந்த முகங்களுக்குக் கண்ணாடி உதவாது. அங்கே வைரப் பேடுகளே சிறந்தவை. வளைந்து கொடுப்பதால் அவை மேடு பள்ளத்தோடு ஒட்டிச் செல்லும். கல்லை ஈரத் துணி விரித்த தொட்டியில் வைத்து, 50, 100, 200, 400, 800, 1500, 3000 என்ற வரிசையில் தண்ணீர் ஊற்றியபடி கையாலேயே தேய்க்கலாம். ஒவ்வொரு பேடுக்கும் தேய்க்கும் திசையை முந்தையதற்குக் குறுக்காக மாற்றிக்கொண்டால், பழைய கீறல் எங்கே மிஞ்சியிருக்கிறது என்பது பளிச்செனத் தெரியும்.

குவிந்த முகம்

சிறு கல்லை விரலால் பிடித்து இழைத்தால் வடிவம் கோணும். பொற்கொல்லர்கள் பயன்படுத்தும் அரக்கை உருக்கி, ஒரு மரக்குச்சியின் தலையில் எடுத்து, இளஞ்சூடாக்கிய கல்லின் அடிமுகத்தில் ஒட்டுங்கள். குளிர்ந்த கல்லில் அரக்கு பிடிக்காது. நடுவேலையில் கழன்று விழும். சந்திரகாந்தம் போன்ற சூடு தாங்காத கற்களுக்கு அரக்குக்குப் பதிலாகச் சூப்பர் குளூ போதும்.

அடித்தளத்திலிருந்து 2 மில்லிமீட்டர் உயரத்தில் கல்லைச் சுற்றி ஒரு கோடு வரையுங்கள். அதற்குக் கீழே தொடவே கூடாது. நகையில் பதிக்கும்போது உலோகம் பிடிக்க வேண்டிய பகுதி அது. கோட்டிலிருந்து மேல் நோக்கி, 45 பாகைச் சாய்வில் சுற்றிலும் ஒரு பட்டை இழையுங்கள். அந்தப் பட்டையின் மேல் விளிம்பில், இன்னும் தாழ்ந்த சாய்வில் இரண்டாவது பட்டை. பிறகு பட்டைகளின் முனைகளை மட்டும் குச்சியை உருட்டியபடி தேய்த்தால் குவிமுகம் தானாக உருவாகும். நேரடியாக வளைவை இழைக்க முயல்பவர்களுக்கு உச்சி எப்போதும் தட்டையாகவே நின்றுவிடும். நனைந்த கல்லில் தட்டை தெரியாது. துடைத்து உலர்த்தி, சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். முடிந்ததும் குச்சியோடு குளிர்பெட்டியின் உறைபனி அறையில் அரை மணி நேரம் வைத்தால், அரக்கும் கல்லும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால் ஒரு சிறு தட்டில் பிரிந்துவிடும்.

மெருகு

1200 எண் முடிந்த பளிங்கு பட்டுப் போன்ற மங்கிய தோற்றத்தில் இருக்கும். சீரியம் ஆக்சைடைப் பாலாடைப் பதத்தில் குழைத்துத் தோலில் தடவி, அந்தத் தோலை மரக்கட்டையின் மேல் இறுக்கி ஒட்டி அழுத்தித் தேயுங்கள். மெருகு ஏறுவது தோல் நனைந்திருக்கும்போது அல்ல, அது உலரத் தொடங்கிக் கல்லை லேசாகப் பிடித்து இழுக்கும் அந்தத் தறுவாயில்தான். அந்த இழுவை கையில் தெரிந்ததும் பத்துப் பதினைந்து முறை தேய்த்துவிட்டு, சூடேறுவதற்குள் மீண்டும் ஒரு சொட்டு நீர் விடுங்கள். துணைக்கு டிரில் மெஷினைப் பயன்படுத்தினால் மிகக் குறைந்த வேகத்தில் மட்டும்.

மெருகு ஏற மறுத்தால் சீரியத்தைக் குறை சொல்வதற்கு முன், பூதக்கண்ணாடியால் முகத்தைப் பாருங்கள். தனித்தனி வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் ஏதோ ஓர் எண்ணில் அவசரப்பட்டிருக்கிறீர்கள். ஆரஞ்சுத் தோல் போன்ற சுருக்கம் தெரிந்தால் தோல் அதிகம் மெத்தென்றிருக்கிறது, அல்லது அழுத்தம் கூடிவிட்டது. ஜாஸ்பர் போன்ற கலப்புக் கற்களில் மென்மையான பகுதி மட்டும் குழிந்து போவதும் இதே காரணத்தால்தான். அங்கே கடினமான அடித்தளமும் குறைந்த அழுத்தமும் உதவும்.

சேற்றுத் தண்ணீரைக் கழுவுதொட்டியில் ஊற்றாதீர்கள். குழாய் வளைவில் படிந்து சிமெண்டைப் போல இறுகிவிடும். வாளியில் ஓரிரவு விட்டால் கல்தூள் அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்த நீரை அடுத்த வேலைக்கு எடுத்துக்கொண்டு, அடிச்சேற்றை ஈரமாக இருக்கும்போதே பையில் கட்டிக் குப்பையில் சேர்த்துவிடுங்கள்.

முடிந்ததா என்பதைக் கடைசியாக ஒரு முறை பார்த்துவிட வேண்டும். கல்லைச் சோப்பு போட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தி, டியூப் லைட்டுக்குக் கீழே கண்ணின் மட்டத்துக்கு உயர்த்தி, தட்டையான முகத்தில் விழும் விளக்கின் பிம்பத்தைப் பாருங்கள். பிம்பம் முகத்தின் நடுவிலிருந்து ஓரம் வரை ஒரே நேர்கோடாக, விளிம்பு கூர்மையாகத் தெரிந்தால் வேலை முடிந்தது. ஓரத்துக்கு வரும்போது அது வளைந்தாலோ, பனி படர்ந்தது போல் மங்கினாலோ, அந்த இடத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துவிட்டு 600 எண் கண்ணாடியை மீண்டும் எடுங்கள்.